ஒரு வாய்க்கு எவ்வளவு

ஒப்பந்தம் பதினோரு மாதம்.
பன்னிரண்டு என்றால் ஊழியராகிவிடுவேனாம்,
சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.
ஓர் அமர்வுக்கு ஆயிரத்து எண்ணூறு,
வரிப்பிடித்தம் பத்து சதவீதம்.
குடும்பம் வராவிட்டால் பாதி,
வந்து வாயே திறக்காவிட்டாலும் முழுசு.
ஒலி, ஒளி, எடை அட்டவணை, குறிப்புகள்
எல்லாம் நிதி தருபவருக்குச் சொந்தம்,
ஆறாம் பக்கத்தில்
‘சிகிச்சையாளரின் அபிப்பிராயங்கள் உட்பட.’
கையெழுத்துப் போட்டேன்.
ஹென்னூரில் வாடகை ஏறியிருந்தது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கவும் நான்தான்,
அது இலவசம்.
‘உணவுக் கோளாறு’ என்றிருந்ததை அடித்தேன்.
சோற்றில் என்ன கோளாறு?

பூஜ்யம் ஒன்று ஏழு
வியாழன்தோறும் லிங்கராஜபுரத்திலிருந்து வருவாள்,
அப்பா அம்மா தம்பியோடு ஒரே ஸ்கூட்டரில்.
“இப்போல்லாம் தாராளமா இடம் இருக்கு மேடம்”
என்ற அப்பா
சொன்னது காதில் விழுந்ததும்
ஹெல்மெட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.
கோப்பில் பெயர் கூடாது.
ஜெனிட்டா என்றால்தான் திரும்புகிறாள்.
பதினைந்து வயது, ஏப்ரலிலும் ஸ்வெட்டர்.

‘இது உங்களால் வந்ததில்லை’
என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
லிஃப்ட் பழுது பார்க்கும் அருமைநாயகம்
“அப்போ எதனால?” என்றார்.
‘தெரியாது’ என்று சொல்லச் சொல்கிறது கையேடு.
அதையும் சொன்னேன்.
“ஏதாச்சும் ஒரு கேபிள் இருக்கும் மேடம்,
தேடினா கிடைக்கும்.”

இரண்டாம் அமர்வில்
சாப்பாட்டை இங்கே கொண்டுவந்து
கேமராவின் முன் சாப்பிட வேண்டும்.
பிலோமினா குஸ்கா கொண்டுவந்தாள்.
மூடியைத் திறந்ததும்
அறை முழுக்கப் பட்டையும் புதினாவும்.
கேமராவுக்கு மூக்கில்லை.
நான் ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது,
அம்மாவின் காதருகே மட்டும் சொல்லலாம்:
நெருங்கி உட்காருங்கள்.
இருவரும் ஒரே பேச்சாகப் பேசுங்கள்.
இன்னும் ஒரு வாய்.

அப்பா அதட்டினார். அம்மா அழுதாள்.
அபிஷ் மேஜைக்கடியில் கார் ஓட்டினான்.
படிவத்தில் ‘உடன்பிறந்தோர் ஆதரவு’ என்றொரு கட்டம்,
டிக் அடித்தேன்.

நாற்பது நிமிடத்தில் இரண்டு வாய்.
மூன்றாவதைக் கன்னத்தில் ஒதுக்கி
என்னையே பார்த்தாள்.
விழுங்கினாள்.
“ஆன்ட்டி, என் ஒரு வாய்க்கு
உங்களுக்கு எவ்ளோ வரும்?”

பேசுவது நோய், பிள்ளையல்ல,
இரண்டையும் பிரித்துப் பார்
என்கிறது கையேடு.
எனக்கென்னவோ
அன்று முதல்முறையாகப் பிள்ளை பேசியதுபோல் இருந்தது.
அதற்குள் பாழாய்ப்போன மனசு
கணக்கை முடித்துவிட்டது.
“இப்போதைக்கு ஐந்நூற்று நாற்பது.”
“நாலாவது சாப்பிட்டா?”
“நானூற்று ஐந்து.”
“குறையுதா?”
“குறையும்.”
“அய்யோ, அப்போ உங்களுக்கு நஷ்டம்”
என்று தானே எடுத்தாள் நாலாவதை.
ஊட்ட நீண்ட அம்மாவின் கை
எங்கே போவதென்று தெரியாமல்
காற்றில் நின்றது.

வீடியோ பார்த்தவர்கள் எழுதினார்கள்:
‘சிகிச்சையாளர் ஊதியம் பற்றிப் பேசினார்.
நெறிமுறை விலகல், ஒன்று.’

அடுத்த வியாழன் அந்த வித்தை பலிக்கவில்லை.
அதற்கடுத்ததும்.
இருநூறு கிராம் ஏறி முந்நூறு இறங்கியது.
ஆகஸ்டில் ஒரு நாள்
ஸ்கூட்டரில் இடம் பத்தவில்லை என்று
அபிஷ் சண்டை போட்டானாம்.
அருமைநாயகம் அதை மூன்று தடவை சொன்னார்.
எழுத அதற்குக் கட்டமில்லை.

பிப்ரவரியோடு என் ஒப்பந்தம் முடிகிறது.
அவளுக்கு ஆறு அமர்வு பாக்கி.
‘வேறொருவர் தொடர்வார்,
தரவில் இடைவெளி வராது.’

இரவு எட்டரைக்கு இறங்குகையில்
வாட்ச்மேன் சித்தலிங்கப்பா கேட்கிறார்:
“ஊட்டா ஆய்த்தா மேடம்?”
காலையில் கட்டிய டப்பா
திறக்காமல் பையில் கனக்கிறது.
“ஆய்த்து” என்கிறேன்,
ஜெனிட்டா சொல்லும் அதே வேகத்தில்.